ரூபாய்னா... எந்த ரூபாய்? வடலூர் சித்திக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆர்டர்!

வடலூரில் இருக்கும் என் சித்தி, ஆரி ஒர்க் ப்ளவுஸ் தைப்பவர். நெய்வேலி டவுன்ஷிப்பில் நாலு வீட்டுக்குத் தைத்துக்கொடுத்து ஆரம்பித்த வியாபாரம் அது. டவுன்ஷிப் பிள்ளைகள் வேலைக்காக சிங்கப்பூர், கனடா என்று போனதும் சித்தியின் ப்ளவுஸும் கூடவே விமானம் ஏறியது. போன வருடம் சித்திக்கு ஒரு சின்ன வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். தப்பு நடந்ததும் அங்கேதான், செய்தது நான்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், தங்கையின் கல்யாணத்துக்காக மூன்று ப்ளவுஸ் ஆர்டர் செய்தார். ஒன்று 4,500 வீதம் மொத்தம் 13,500. பணமும் கட்டிவிட்டார். அரை மணி நேரத்தில் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு. குரல் உடைந்திருந்தது.

“அக்கா, ரூபாய் எண்டுதானே போட்டிருந்தது. எங்கட ரூபாய் எண்டுதான் நினைச்சனான். நாப்பதாயிரத்துக்கு மேல போயிட்டுது!”

நம்முடைய ஒரு ரூபாய், இப்போது இலங்கை ரூபாயில் மூன்றுக்கும் மேல். விலைக்கு முன்னால் நான் போட்டது வெறும் ‘ரூ.’ மட்டும். பணம் கட்டும் பக்கத்தில் ₹ அடையாளம் சின்னதாக இருந்தது. கல்யாண வேலைக்கு நடுவே அதை யார் பார்ப்பது?

ஒரு பெயர், பல பணம்

ரூபாய் என்ற பெயர் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ் எல்லாவற்றிலும் ரூபாய்தான். நம் ரூபாய்க்குத் தனி அடையாளம் வேண்டும் என்றுதான் 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ₹ குறியீட்டை ஏற்றது. அதை வடிவமைத்த உதயகுமார், நம்ம பக்கத்து கள்ளக்குறிச்சிக்காரர்! அப்படி ஒரு அடையாளம் கையில் இருக்க, நான் அதை விட்டுவிட்டேன்.

டாலரிலும் இதே குழப்பம்தான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் நான்குக்கும் ஒரே $ அடையாளம்; மதிப்பு மட்டும் வேறு வேறு. அதனால்தான் ஒவ்வொரு நாணயத்துக்கும் மூன்று எழுத்து சர்வதேசக் குறியீடு இருக்கிறது. இந்திய ரூபாய்க்கு ஐ.என்.ஆர்., இலங்கை ரூபாய்க்கு எல்.கே.ஆர்., சிங்கப்பூர் டாலருக்கு எஸ்.ஜி.டி. விலையோடு இதையும் சேர்த்துப் போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மீதி, புள்ளியிலும் கமாவிலும் இருக்கிறது. குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரும். அங்கே 12.500 என்றால் பன்னிரண்டரை. ஜெர்மனியில் இருப்பவர் அதையே பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று படிப்பார். ஜப்பானிய யென்னுக்குப் பைசாக் கணக்கே கிடையாது. நம் 1,00,000 என்பதைப் பல வெளிநாடுகளில் 100,000 என்று எழுதுவார்கள்.

காட்டும் விலை வேறு, எடுக்கும் விலை வேறு

“அப்போ எல்லா விலையையும் அவங்க ஊர்க் காசுலயே காட்டிடேன்!” என்றார் சித்தி. செய்யலாம். ஆனால், அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, விலையை சிங்கப்பூர் டாலரில் காட்டிவிட்டு, பணத்தை இந்திய ரூபாயில் எடுப்பது. அங்கே வாடிக்கையாளரின் வங்கி தன் கணக்குப்படி மாற்றி, கட்டணமும் சேர்க்கும். பார்த்த விலையும் போன பணமும் ஒத்துப்போகாது. ‘இது தோராய விலை’ என்று எழுதியே ஆகவேண்டும்.

இரண்டாவது, அவர்கள் நாணயத்திலேயே பணம் எடுப்பது. வாங்குபவருக்கு இது நிம்மதி. ஆனால், நாணய மாற்றுச் செலவு கடைக்காரர் தலையில் விழும். விலை வைக்கும்போதே அதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

இன்னொரு சிக்கல். சிங்கப்பூரில் இருக்கும் மகள், வடலூரில் இருக்கும் அம்மாவுக்கு ப்ளவுஸ் ஆர்டர் செய்கிறாள். கார்டு சிங்கப்பூருடையது, டெலிவரி வடலூருக்கு. போன் இருக்கும் இடத்தை வைத்து வெப்சைட் தானாக முடிவெடுத்தால் குழப்பம்தான். எந்த நாணயம் என்பதை வாங்குபவரே தேர்ந்தெடுக்க ஒரு பட்டன் இருக்கவேண்டும்.

நீங்கள் வாங்கும்போது கவனியுங்கள்!

* வெளிநாட்டு வெப்சைட், ‘ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?’ என்று கேட்டால் உடனே சரி என்று தட்டாதீர்கள். அந்த மாற்று விகிதத்திலேயே கடையின் லாபமும் ஒளிந்திருக்கலாம். பெரும்பாலும் அந்த நாட்டு நாணயத்தில் கட்டுவதே லாபம்.

* அப்படிக் கட்டினாலும் உங்கள் கார்டுக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் உண்டு. பல கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவிகிதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. தனி. உங்கள் கார்டுக்கு எவ்வளவு என்று வங்கி ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

* பொருளைத் திருப்பி அனுப்பினால், கட்டிய அதே தொகை கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும் நாளின் மாற்று விகிதம் வேறாக இருக்கும்.

* விலைக்குப் பக்கத்தில் நாட்டின் பெயரோ மூன்றெழுத்துக் குறியீடோ இல்லையென்றால், பணம் கட்டும் முன் ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

யாழ்ப்பாண ஆர்டர் என்ன ஆனது? அன்றைக்கே முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பச் சொன்னார் சித்தி. அதில் போன கமிஷன் எங்கள் கைநஷ்டம். “அந்தப் பொண்ணு மேல தப்பில்லடா. ஊரு பேரு போடாம விலை போட்டது நாமதானே” என்றார். வெட்டக் குறித்து வைத்திருந்த துணியை மடித்தும் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அதே எண்ணிலிருந்து மெசேஜ். மூன்று வேண்டாம், மணப்பெண்ணுக்கு மட்டும் ஒன்று போதுமாம். இந்த முறை சித்தி விலையை இரண்டு நாட்டு ரூபாயிலும் எழுதி அனுப்பினார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் துணியில் கத்தரி வைத்தார்.

இப்போது எங்கள் வெப்சைட்டில் ஒவ்வொரு ப்ளவுஸுக்குக் கீழும் ‘₹4,500 - இந்திய ரூபாய்’ என்று இருக்கிறது. கூடுதலாக இரண்டே வார்த்தைகள்தான். அதை முதலிலேயே எழுதியிருந்தால் ஒரு கல்யாண வீட்டை அரை நாள் கலங்க வைத்திருக்க மாட்டேன்.