வளைவுக்கு ஒரு நேர்கோடு

தில்லியிலிருந்து விடுமுறைக்குத் தாயகம் திரும்பும் தமிழன்பர்கள் நாக்பூரையும் சேவாகிராமத்தையும் கடந்து தெற்கு நோக்கி விரைகையில், ஹிங்கன்காட் என்னும் ஊரின் வழியாகச் செல்கின்றனர். ஜன்னலோரம் அமர்ந்திருப்பவர்கள்கூட அப்பெயர்ப் பலகையைக் கவனிப்பது அரிது. ஆயினும் நம்மைப் போலவே தெற்கிலிருந்து வடக்கே வந்த ஒருவர் அங்கேதான் 1823-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய கல்லறையும் அங்கேதான் உள்ளது. வில்லியம் லாம்ப்டன் என்னும் அந்த நில அளவையாளர் இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கியது 1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலையை அடுத்த வெளியில். ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடித்தளக் கோட்டை அவர் நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதாவது, ஏறத்தாழ நானூறு முறை அச்சங்கிலியை நீட்டி வைத்து, மடக்கி எடுத்து, மீண்டும் நீட்டி வைக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பூமி உருண்டை என்பதை லாம்ப்டன் அறியாதவர் அல்லர். உருண்டையின் வடிவத்தைத் துல்லியமாகக் காண்பதே அவருடைய பெருநோக்கங்களுள் ஒன்று. அவ்வாறாயின் வளைந்த தரையின் மீது சங்கிலியை நேராக நீட்டி அளப்பது எவ்வாறு தகும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஏழரை மைல் என்பது பன்னிரண்டு கிலோமீட்டர். அதன் இரு முனைகளையும் பூமிக்குள்ளாகவே ஒரு நேர்கோட்டால் இணைப்பதாகக் கொண்டால், நடுவிலே தரை அக்கோட்டுக்கு மேல் ஒன்பது அடிக்குச் சற்றுக் கூடுதலாகப் புடைத்திருக்கும். ஆனால் தரை வழியே சென்ற நீளத்துக்கும் நேர்கோட்டின் நீளத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை! தொலைவைப் பத்து மடங்காக்கி நூற்றிருபது கிலோமீட்டர் எனக் கொண்டாலோ, அவ்வேறுபாடு பத்து மடங்கு அன்று, ஆயிரம் மடங்கு பெருகி இரண்டு மீட்டரை நெருங்குகிறது. தொலைவு குறையக் குறையப் பிழை அதனினும் பன்மடங்கு விரைவாகக் குறைகிறது. கூடக் கூட அவ்வாறே பன்மடங்கு விரைவாகக் கூடுகிறது. இவ்வுரையில் யான் சொல்ல வந்த பொருளின் உயிர்நாடி இதுவே. வளைந்த ஒன்றை அதன் ஒரு சிறு பகுதியில் நேரானதாகவே கொண்டு கணக்கிடும் முறையைக் கணித நூலார் நேரியலாக்கம் என்பர்.

வளைவைக் காட்டிலும் வெப்பமே அந்த அளவைக்குப் பெரும் பகை. நூறு அடி எஃகுச் சங்கிலி ஒரு பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே நீளும். அற்பம் எனத் தோன்றும். நானூறு சங்கிலிகளுக்கு அது பதினான்கு சென்டிமீட்டர் ஆகிறது. காலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை வேறுபட்டால் ஒன்றரை மீட்டரை எட்டுகிறது. ஆதலின் சங்கிலியின் அருகே வெப்பமானிகளை வைத்து, இத்தனை பாகைக்கு இத்தனை நீட்சி என்று திருத்தினர். இத்திருத்தமும் ஒரு நேரியலாக்கமே. எஃகு எல்லா வெப்பநிலைகளிலும் ஒரே விகிதத்தில் நீள்வதில்லை. நம் வெயிலின் எல்லைக்குள் அவ்வாறு கொள்வதால் கேடில்லை. எதைப் புறக்கணிக்கலாம், எதைப் புறக்கணிக்கலாகாது என்று தேர்வதில்தான் அளவையாளரின் திறம் இருக்கிறது.

முக்கோணங்களுக்கும் இதே நிலைதான். உருண்டையின் மேல் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகையை மிஞ்சும். பக்கத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தில் அம்மிகை ஐந்தரை விகலை அளவே. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1787-இல் ஓர் எளிய வழி காட்டினார்: மிகையை மூன்றாகப் பங்கிட்டு ஒவ்வொரு கோணத்திலிருந்தும் கழித்துவிடுக, பின்னர் அதனைத் தட்டையான முக்கோணமாகவே கொள்க. பள்ளியிற் பயின்ற கணக்கே போதும்.

இவ்வழி மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயத்தில் சைன் அட்டவணை ஒன்று உளது. கால்வட்டத்தை இருபத்துநான்கு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதியும் 225 கலை என்று கொண்டு, 3438 கலை ஆரமுள்ள வட்டத்துக்கு ஆரியபடர் அதனை அமைத்தார். அதன் முதல் எண் எது தெரியுமா? 225 கலை வில்லுக்கு 225-ஏ! வளைந்த வில்லும் அதன் நேரான அரைநாணும் அச்சிறு கோணத்தில் ஒன்றே என்று கொள்ளப்பட்டிருக்கிறது. உண்மை மதிப்பு 224.86. முழு எண்ணில் எழுதுவோர்க்கு அதனினும் பொருத்தமான எண் வேறில்லை. அடுத்தடுத்த வேறுபாடுகள் 224, 222, 219 எனக் குறைந்துகொண்டே போய், 22, 7 என முடிகின்றன. வளைவு எங்கே தலை சாய்கிறது என்பதை அவ்வெண்களே நமக்குக் காட்டிவிடுகின்றன.

அட்டவணையில் இல்லாத கோணம் வேண்டுமாயின் என் செய்வது? நான்கு பாகை, அதாவது 240 கலை என்று வைத்துக்கொள்வோம். 225-க்கு 225, 450-க்கு 449. இடையே 225 கலைக்கு 224 ஏறுகிறது. எனவே 15 கலைக்கு ஏறத்தாழ 14.9 ஏறும், விடை 239.9. உண்மை 239.8. ரயில் ஒரு நிலையத்தை ஐந்து மணிக்கும் அடுத்ததை ஆறு மணிக்கும் கடந்தால், ஐந்தரைக்குப் பாதி வழியில் இருக்கும் என்று நாம் கொள்வதும் இத்தகைய கணக்கே. பிரமகுப்தர் ஏழாம் நூற்றாண்டில் இதனோடு அமையாது, வேறுபாடுகளின் வேறுபாட்டையும் சேர்த்துக் கணிக்கும் நுண்முறையை வகுத்தார்.

இனி, கடிகாரத்தின் கதைக்கு வருவோம். ஊசல் அகல ஆடினாலும் குறுக ஆடினாலும் ஒரே நேரத்தையே எடுத்துக்கொள்ளும் என்று பாடநூலில் படித்திருப்போம். அது சிறு ஆட்டத்துக்கே பொருந்தும். ஊசலை நடுநிலைக்கு இழுக்கும் விசை கோணத்தின் சைனைப் பொறுத்தது. பாடநூலோ சைனுக்குப் பதில் கோணத்தையே எழுதிக்கொள்கிறது. ஐந்து பாகையில் இரண்டுக்கும் வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றே கால் பங்கு. முப்பதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து. அறுபதிலோ நூற்றுக்கு இருபதையும் தாண்டுகிறது. பக்கத்துக்கு இருபது பாகை ஆடும் ஊசல், சிற்றாட்டக் கணக்கைவிட நூற்றுக்கு முக்கால் பங்கு மெதுவாக ஆடும். நாளொன்றுக்கு அது பத்து நிமிடத்துக்கும் மேலாகும்!

1656-இல் ஊசற் கடிகாரத்தை வடிவமைத்த ஹைகன்ஸ் இதனை நன்கு உணர்ந்தவர். உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி காற்றில் வரையும் வளைகோட்டின் வழியே குண்டு சென்றால், ஆட்டத்தின் அகலம் எதுவாயினும் நேரம் மாறாது என்று கண்டு, ஊசலின் நூல் படிந்து வளையுமாறு இருபுறமும் தகடுகளை அமைத்தார். 1673-இல் வெளியான அவருடைய நூல் கணித அழகுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் கடிகாரத் தொழிலாளர் அவ்வழியே செல்லவில்லை. நங்கூர வடிவான தடுப்பைப் பொருத்தி, ஊசலின் ஆட்டத்தைச் சில பாகைகளுக்குள் சுருக்கிவிட்டனர். பிழையும் உடன் சுருங்கிற்று. என்னைக் கேட்டால், ஹைகன்ஸின் மேதையைக் காட்டிலும் அப்பட்டறைக்காரரின் சிக்கனமே எனக்கு வியப்பளிக்கிறது.

நேர்கோட்டை அதன் எல்லைக்கு அப்பால் நம்பினால் உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. விமானத்தின் இறக்கை எதிர்வரும் காற்றோடு கொள்ளும் கோணம் கூடக் கூட, அதனைத் தூக்கும் விசையும் அதற்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. மூக்கைச் சற்று உயர்த்தினால் சற்றே கூடுதலான தூக்கம்; இன்னும் உயர்த்தினால் இன்னும் கூடுதல். பெரும்பாலான இறக்கைகளில் பதினைந்து பாகையை ஒட்டி இந்நியதி முறிகிறது. காற்று இறக்கையின் மேற்புறத்தை விட்டு விலகிவிட, தூக்கும் விசை சரிகிறது. அந்நிலையில் விமானம் தாழ்கிறதே என்று மூக்கை மேலும் உயர்த்துபவன் வீழ்ச்சியை விரைவுபடுத்துகிறான். மூக்கைத் தாழ்த்துவதே பிழைக்கும் வழி. ஆதலின் விமானிகளுக்கு இதனைத் தனிப்பாடமாகவே பயிற்றுவிக்கின்றனர்.

யந்திரங்களின் நிலைபேற்றை ஆராய்ந்தவர்களும் இவ்வெல்லையை மறக்கவில்லை. நீராவி யந்திரத்தின் வேகத்தைச் சீர்ப்படுத்தும் கவர்னரைப் பற்றி மாக்ஸ்வெல் 1868-இல் எழுதியபோது, சிறு அசைவுகளை மட்டும் கருதிச் சமன்பாடுகளை எளிதாக்கினார். எப்போது அவ்வாறு செய்தல் தகும் என்பதை ருஷ்ய அறிஞர் லியாபுனோவ் 1892-இல் நிறுவினார். நேரியலாக்கிய அமைப்பில் அசைவுகள் தேய்ந்து மறைந்தால், உண்மையான அமைப்பும் தன் சமநிலையின் அருகே அவ்வாறே அடங்கும். தேயாமலும் வளராமலும் நின்றால், அந்த எளிய கணக்கு ஒன்றையும் உறுதி சொல்லாது. விட்டொழித்த பகுதியைத் திரும்ப எடுத்து ஆராயத்தான் வேண்டும்.

கணிப்பொறிகளுக்கோ இம்முறையே அன்றாட உணவு. பத்தின் வர்க்கமூலம் வேண்டுமெனில், மூன்று என்று உத்தேசமாகத் தொடங்குக. மூன்றின் வர்க்கம் ஒன்பது; குறை ஒன்று. அதனை மூன்றின் இருமடங்கால் வகுத்துக் கூட்டினால் 3.1667. மறுமுறையும் அவ்வாறே திருத்தினால் 3.16228, ஐந்து தசம இடம் வரை சரியான விடை. வளைகோட்டுக்குப் பதில் அதன் தொடுகோட்டின் வழியே நடந்து, நின்ற இடத்தில் புதிய தொடுகோடு வரைந்து மீண்டும் நடக்கும் இம்முறை நியூட்டன், ராப்சன் இருவர் பெயரால் வழங்குகிறது. பெஷாவரை அடுத்த பக்ஷாலியில் 1881-இல் கிடைத்த பழைய சுவடியிலுள்ள வர்க்கமூல விதி, இவ்விரு படிகளையும் ஒன்றாகச் சேர்த்ததற்கு ஒப்பானது.

சந்திரனுக்கு மனிதரை அனுப்ப முனைந்தபோது இதே உத்தி புதுவடிவம் பெற்றது. நட்சத்திரங்களை நோக்கிக் கலத்தின் இருப்பிடத்தை மதிப்பிடும் சமன்பாடுகள் வளைந்தவை. கால்மன் 1960-இல் வெளியிட்ட சீரிய மதிப்பீட்டு முறையோ நேரியல் அமைப்புகளுக்கே உரியது. முன்கூட்டித் திட்டமிட்ட பாதையைச் சுற்றிச் சமன்பாடுகளை நேராக்கினால், கலம் பாதையைவிட்டு விலகும்போது கணக்கும் பொய்த்துவிடும். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஷ்மிட் என்பவரும் அவருடைய குழுவினரும் இதற்கு மாற்று கண்டனர்: கலம் இப்போது எங்கே இருப்பதாக மதிப்பிடுகிறோமோ, அவ்விடத்தைச் சுற்றியே நேராக்குக, அடுத்த நோக்கு வந்தவுடன் மதிப்பீட்டைத் திருத்தி, புதிய இடத்தில் மறுபடியும் நேராக்குக. இன்று நம் கைப்பேசி வழிகாட்டிகளிலும் ஆளில்லா விமானங்களிலும் இம்முறையின் வழித்தோன்றல்கள் ஒரு விநாடிக்குள் பலமுறை இவ்வேலையைச் செய்கின்றன.