சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மானியம் கிடைக்குமா? கொடைக்கானல் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும்போது கொடைக்கானலில் காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாத்துக்கும் வெந்நீர் வேண்டும். அதனால், “சோலார் ஹீட்டர் போடுங்க, கவர்மென்ட் மானியம் வரும்” என்று யாராவது சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுக்கத் தோன்றும்.

கொடுக்கும் முன் ஒரு நிமிடம். மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாயும் டேங்கும் வைத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு மத்திய அரசின் மானியம் இப்போது இல்லை. மின்சாரம் தயாரிக்கும் சோலார் பேனலுக்குத்தான் உண்டு.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது?

ஹீட்டருக்கு முன்பு மானியம் இருந்தது உண்மைதான். 2010-ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சோலார் திட்டத்தில் 30 சதவீதம் வரை கொடுத்தார்கள். தமிழ்நாடு உள்ளிட்ட பொதுப் பிரிவு மாநிலங்களுக்கு 2014-ல் அது நிறுத்தப்பட்டது. ஆனால் பழைய தகவல் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஹீட்டர் வாங்குபவர்களுக்கு இப்போதுள்ள ஒரே ஆறுதல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் வாட்டர் ஹீட்டருக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் 5 சதவீதம்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்க.

பேனலுக்கு எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய், அதுதான் உச்சவரம்பு. 2026-27 நிதியாண்டு வரை திட்டம் உண்டு.

மாதம் 150 யூனிட் வரை செலவாகும் வீட்டுக்கு 1 முதல் 2 கிலோவாட், 300 யூனிட் வரை என்றால் 2 முதல் 3 கிலோவாட் என்பது அரசு சொல்லும் கணக்கு. நம்ம ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பில்லில் உள்ள யூனிட்டைப் பாதியாக்கிப் பார்க்க மறந்தால், தேவையைவிட இரண்டு மடங்கு பேனல் வாங்கிவிடுவோம்.

அப்போ வெந்நீருக்கு என்ன வழி?

2 கிலோவாட் கீசர் தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். பகலில் மிச்சமாகும் மின்சாரம் நெட் மீட்டர் வழியாக மின்வாரியத்துக்குப் போய், காலையில் கீசருக்கு எடுத்த யூனிட்டில் கழிக்கப்படும். குளிர்ச்சியில் பேனல் நன்றாகவே வேலை செய்யும். இடைஞ்சல் மூடுபனி, ஐப்பசி மழை, யூகலிப்டஸ் நிழல் ஆகியவைதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடித்து, இலவசத்திலேயே ஓடும் வீட்டுக்குப் பேனலால் பெரிய லாபம் இல்லை.

ஹீட்டரே போதும் என்றால், உறைபனி விழும் இடத்தில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகைதான் நல்லது. தட்டை வகையின் செம்புக் குழாயில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்க வாய்ப்புண்டு.

யாருக்குக் கிடைக்கும்?

சொந்த வீடு, பேனல் வைக்கத் தோதான கூரை, வீட்டு மின் இணைப்பு இருக்க வேண்டும். ஏற்கெனவே சோலார் பேனலுக்கு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. 1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி இடம் தேவை.

கொடைக்கானலில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஹோம்ஸ்டே. இது குடியிருப்புகளுக்கான திட்டம். வீட்டை வாடகை அறையாக்கி வணிக இணைப்புக்கு மாறியிருந்தால் மானியம் கிடையாது. கரண்ட் பில் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்க. பூம்பாறை, மன்னவனூர் பக்கமெல்லாம் பூர்வீக வீடுகளில் இது சகஜம்.

எப்படி விண்ணப்பிப்பது?

பிஎம் சூர்ய கர் போர்டலில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு செய்து, அங்கே பட்டியலில் உள்ள நிறுவனத்தை மட்டுமே தேர்வு செய்ய வேண்டும். பேனலின் செல்கள் இந்தியாவிலேயே தயாரானதாக இருக்க வேண்டும். இதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்க, இல்லாவிட்டால் மானியம் நின்றுபோகும்.

மானியத்தை விலையில் முதலிலேயே கழிக்க மாட்டார்கள். முழுத் தொகையும் கட்டி, நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். கையில் பணம் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரை பிணையில்லாக் கடன் உண்டு. சந்தேகம் இருந்தால் 15555 என்ற எண்ணில் கேட்கலாம்.