மஞ்சள் இலைக்குள் ஒரு குடித்தனம்

மழைக்காலத்தில் மஞ்சள் வயலுக்குள் நடந்தால், அங்கங்கே சில இலைகள் சுருண்டு நிற்பதைப் பார்க்கலாம். இலைச்சுருட்டுப் புழுவின் வேலை. அந்தப் புழு வளர்ந்து ஸ்கிப்பர் குடும்பத்துப் பட்டாம்பூச்சியாகிறது. அதன் அறிவியல் பெயர் உடாஸ்பெஸ் ஃபோலஸ். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வரை மஞ்சளும் இஞ்சியும் அவற்றின் உறவுச் செடிகளும் வளரும் இடங்களில் இது வாழ்கிறது.

தாய்ப்பூச்சி இலையில் முட்டைகளைத் தனித்தனியாக இட்டுச் செல்லும். பொரிந்த குஞ்சுப்புழு இலையோரத்தைக் கத்தரித்து மடித்து, தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் தைத்துக்கொள்ளும். வளர வளர வீடும் பெரிதாகும்; கடைசியில் பெரிய சுருளே வேண்டியிருக்கும். ஒரு சுருளைப் பிரித்துப் பாருங்கள். கறுத்த தலை, ஒடுங்கிய கழுத்து, தின்ற இலையின் பச்சை தோலுக்கு வெளியே தெரியும் மெல்லிய உடல். விரிந்த இரு ஓரங்களுக்கும் நடுவே அறுந்த வெள்ளை இழைகள் தொங்கும்.

இப்படி அடைபட்டு வாழும் புழுவுக்கு எச்சம் பெரிய ஆபத்து. அதன் வாசனை குளவிகளை அழைத்து வந்துவிடும். அதனால் ஸ்கிப்பர் புழுக்கள் எச்சத்தைத் தொலைவில் எறிகின்றன. ஆசனவாய்க்கு மேலே சீப்பு வடிவில் ஓர் உறுப்பு உண்டு. உடலுக்குள் அழுத்தம் ஏறி, சட்டென்று விடுபடும்போது எச்சம் பறக்கும். அமெரிக்க ஸ்கிப்பர் ஒன்றின் புழு, தன் நீளத்தைப்போல 38 மடங்கு தூரம்வரை எறிவதை ஆய்வாளர் மார்த்தா வைஸ் 2003இல் எழுதினார். எச்சம் கிடக்கும் இடத்தைக் குளவிகள் தேடிவருவதையும் அவர் சோதித்துக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லாத உயிருக்குள் இவ்வளவு நுட்பம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கூட்டுப்புழுப் பருவமும் இலைச்சுருளுக்குள்தான். வெளிவரும் பட்டாம்பூச்சிக்குக் கரும்பழுப்புச் சிறகு, பின்சிறகில் பெரிய வெள்ளைத் திட்டு, நுனி வளைந்த உணர்கொம்பு. தாழ்வாக, விருட்டென்று பறந்து அருகிலேயே உட்காரும். நீண்ட உறிஞ்சுகுழல் இருப்பதால் ஆழமான பூக்களிலும் தேன் எடுக்கும்.

மஞ்சளுக்கு உண்மையான எதிரி தண்டுத் துளைப்பான். இலைச்சுருட்டுப் புழு பெரும்பாலும் சிறு சேதத்தோடு நின்றுவிடும். சுருள்கள் அதிகமானால் கையால் பொறுக்கி எடுப்பதே போதும். வீட்டுத் தோட்டத்தில் ஓரிரு சுருள்தான் என்றால், மருந்தடிக்காமல் அதை அப்படியே விட்டுவிடலாம்.