விழுந்தது பெங்களூர், எழுந்தது ஆய்க்குடி!

ரிசல்ட் வந்த மறுநாள் ஹாஸ்டல் வராண்டாவைப் பார்த்திருப்பீர்கள். மூன்று அரியர், நான்கு அரியர் என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். "பேசாம ஊருக்குப் போயி அப்பாகூட வேலைக்குப் போயிரலாம்டே" என்று ஒருவன் சொல்வான். நம்மில் பலர் வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். அதனால் இது வெறும் பேச்சோடு நிற்பதில்லை. சிலர் நிஜமாகவே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எங்கள் ஆய்க்குடிக்காரர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

பெயர் எஸ்.ராமகிருஷ்ணன். இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில், கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடற்தகுதிச் சோதனையில் கீழே விழுந்தார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துவிட்டது.

எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். மெயின் சப்ளை நன்றாக இருக்கிறது. மோட்டாரும் நன்றாக இருக்கிறது. நடுவில் கேபிள் போய்விட்டது! மூளை இடும் கட்டளை கைகாலுக்குப் போகாது. கால் சுடுகிறதா, குளிர்கிறதா என்ற சேதி மூளைக்கு வராது. நம் கேபிளையாவது ஜாயின்ட் போட்டுவிடலாம். தண்டுவட நரம்பு அறுந்தால் மறுபடி வளர்ந்து சேர்வதில்லை. மற்றவர்கள் அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அதுவும் ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல... ஆயுள் முழுவதும்.

நம்பிக்கை என்ற சொல்லைப் பாருங்கள். சாமியை நம்புவதற்கும் தன்னை நம்புவதற்கும் தமிழில் அது ஒன்றுதான். எங்கள் ஊர் முருகன் கோயிலில் படிப்பாயசம் என்று ஒரு நேர்த்திக்கடன் உண்டு. பிள்ளை வரம் கேட்பவர்கள் அனுமன் நதிப் படித்துறையில் பாயசத்தை ஊற்ற, சிறுபிள்ளைகள் படியிலிருந்தே அள்ளிச் சாப்பிடுவார்கள். கேட்டது கிடைக்கும் என்பது ஒரு நம்பிக்கை. ஆனால் ராமகிருஷ்ணனுக்குக் கைகால் திரும்பக் கிடைக்கவில்லையே! கிடைக்காத பிறகும் மிச்சம் இருக்கிறதே, அதுதான் பெரிய நம்பிக்கை என்று எனக்குப் படுகிறது.

தென்காசிப் பெரிய கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனும் அப்படித்தான். பின்னாளில் கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவோரை இப்போதே வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்துப் போனான். இடியவே இடியாது என்று அவன் நம்பவில்லை. இடிந்தால் எடுத்துக் கட்ட ஆள் வரும் என்று நம்பினான். வந்தார்கள்! தலைமுறை தலைமுறையாகச் சிதைந்து நின்ற ராஜகோபுரம் 1990-ல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது.

ராமகிருஷ்ணனுக்கு அந்த ஆள், சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். அவர் பெயரால்தான் 1981-ல் ஆய்க்குடியில் 'அமர் சேவா சங்கம்' தொடங்கியது. அது ஐ.நா. சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. விபத்துக்கும் இதற்கும் இடையில் ஆறு வருஷம். நாம் இரண்டு டிப்ளமோ முடித்துவிடலாம்! ஆரம்பத்தில் ஓலைக் கொட்டகையும் ஒரு சில பிள்ளைகளும்தான். பிறகு சங்கரராமன் வந்து சேர்ந்தார். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில்தான். இருவரும் சேர்ந்து சங்கத்தை வளர்த்தார்கள். சிறப்புப் பள்ளி, பிசியோதெரபி, தொழிற்பயிற்சி, சுற்றுக் கிராமங்களுக்கே போய்ச் செய்யும் சிகிச்சை என்று அது விரிந்தது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

பட்டத்தைவிட எனக்குப் பிடித்தது சங்கத்தின் காலிப்பர் பட்டறை. சூம்பிய காலுக்கு அளவெடுத்து, பட்டையை வளைத்து, துளை போட்டு, ரிவெட் அடித்து, தோல்வார் கோக்க வேண்டும். ஒரு அங்குலம் பிசகினாலும் பிள்ளை நடக்க முடியாது. ஃபிட்டிங் ஷாப்பில் நாம் அலுத்துக்கொண்டே செய்கிற வேலைதான் இதில் பாதி.