இசைக்கருவிக்குப் பெயர் வைப்பது எப்படி?

இசைக்கருவி வாங்குபவர் அதன் உள்வேலையைப் பிரித்துப் பார்க்க முடியாது. செய்தவரை நம்பித்தான் வாங்குகிறார். அதனால் பழைய நிறுவனங்கள் பலவும் செய்தவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஜப்பானின் யமஹா, 1887-ல் ஒரு ரீட் ஆர்கனைப் பழுது பார்த்துத் தொழிலுக்குள் வந்த தொராகுசு யமஹாவின் பெயர். ஜெர்மனியிலிருந்து நியூயார்க் போன ஹைன்ரிக் ஸ்டைன்வெக், பெயரை ஆங்கிலப் பாணிக்கு மாற்றி, 1853-ல் ஸ்டைன்வே அண்ட் சன்ஸ் பியானோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஏற்கெனவே மதிப்புள்ள பெயரை எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. ஜப்பானின் ஹோஷினோ காக்கி நிறுவனம், ஸ்பெயினின் சால்வடோர் இபான்யெஸ் பெயர் கொண்ட கிதார்களை இறக்குமதி செய்து விற்றது. பிறகு தானே கிதார் செய்யத் தொடங்கியபோது, வாடிக்கையாளர் அறிந்த அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. இன்றைய ஐபனெஸ் அதுதான்.

மூன்றாவது, தேடிப் பிடிக்கும் பெயர். 1972-ல் ஒசாகாவில் புது நிறுவனம் தொடங்கிய இகுதாரோ காகெஹாஷி, ஏற்றுமதியை மனத்தில் வைத்துப் பெயர் தேடினார். எந்த நாட்டவரும் தடுமாறாமல் சொல்ல வேண்டும். இரண்டே அசை போதும். அதே முதலெழுத்தில் தொடங்கும் பெயர்கள் இசைக்கருவித் துறையில் அதிகம் இருக்கக்கூடாது. இப்படித் தேறியதுதான் ரோலண்ட்.

பெயர் பிடித்திருந்தால் மட்டும் போதாது, வேறு யாருக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது. ஃபெண்டர் நிறுவனம் 1950-ல் ஒரு மின்கிதாருக்கு 'பிராட்காஸ்டர்' என்று பெயரிட்டது. கிரெட்ச் நிறுவனம் அதே ஒலிப்புள்ள பெயரில் டிரம் விற்றுவந்ததால் ஆட்சேபித்தது. புதுப் பெயர் முடிவாகும் வரை, ஃபெண்டர் ஊழியர்கள் கிதாரின் தலைப்பகுதியில் ஒட்டும் லேபிளிலிருந்து 'பிராட்காஸ்டர்' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, ஃபெண்டர் என்பதை ஒட்டி அனுப்பினார்கள். 1951-ல் அது டெலிகாஸ்டர் ஆனது. மாடல் பெயர் இல்லாமல் போன அந்தக் கிதார்களைச் சேகரிப்பாளர்கள் 'நோகாஸ்டர்' என்று இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள்.

புதிதாகக் கருவி செய்து விற்க நினைப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. பெயரை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். லேபிள் அச்சடிக்கும் முன் வணிகமுத்திரைப் பதிவேட்டைப் பாருங்கள். இவை சரியாக இருந்தால் பெயர் தடையில்லாமல் ஊரெங்கும் போகும். அதற்கு மதிப்பைச் சேர்ப்பது கருவியின் நாதம்தான்.