ரொட்டியும் களியும்

செய்ன் நதிக்கரையில் – 17

சென்ற வாரம் பாரிஸ் நகரத்துக் குடித்தனங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பென்னாகரத்திலிருந்து ஓர் அன்பர், "அதெல்லாம் இருக்கட்டும், அங்கே நீங்கள் நாள்தோறும் என்னதான் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். எளிய கேள்விதான், ஆயினும், தருமபுரிச் சீமையில் ஒரு மானாவாரி விவசாயியின் மகனாகப் பிறந்து, முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பிரெஞ்சு தேசத்தில் ஜீவனம் செய்துவரும் எனக்கு, இந்நாட்டு ஜனங்களின் உள்ளத்தை உணர்த்தியது அவர்களுடைய ஆகாரமே ஆதலால், அன்பருக்கான பதிலை இந்த வாரத்துக் கட்டுரையாகவே எழுதிவிடத் துணிந்தேன்.

குளிர்காலத்தில் காலை ஏழு மணி என்பது இன்னும் இருள் பிரியாத வேளை. அந்த வேளையில் எங்கள் தெருக்கோடியிலுள்ள ரொட்டிக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறவர், உள்ளே நிற்பவர்களில் ஒருவரையேனும் அறியாதவராக இருந்தாலும், 'போன்ழூர்' என்று வந்தனம் சொல்லிவிட்டுத்தான் வரிசையில் நிற்பார். வந்த புதிதில், அந்தச் சொல்லைச் சொல்லாமல் நேரே ரொட்டியைக் கேட்ட என்னை, கடைக்கார அம்மாள் சற்று நேரம் பார்த்துவிட்டு, தாமே 'போன்ழூர்' என்று நிறுத்திச் சொல்லி, நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நம் முறை வந்ததும், நன்றாகச் சிவக்க வெந்தது வேண்டுமா, இளம் பதமாக வெந்தது வேண்டுமா என்று கேட்டு, ஏறக்குறைய இரண்டடி நீளமும் கால் கிலோ எடையும் கொண்ட 'பாகெத்' ரொட்டியை எடுத்து, இடுப்பில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். அதன் நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளாமல் வீடு சேர்கிறவரை நான் அதிகம் கண்டதில்லை. பள்ளிக்கூடத்துச் சிறுவனும் செய்கிறான், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கிழவரும் செய்கிறார்.

மேஜைமீது ரொட்டியைத் தலைகீழாக வைத்தால் பதறிப்போய்த் திருப்பி வைப்பார்கள்; அது அமங்கலம் என்பது நம்பிக்கை. பழைய காலத்து மனிதர்கள், ரொட்டியை அறுப்பதற்கு முன், அதன் அடிப்புறத்தில் கத்திமுனையால் சிலுவைக் குறி இடுவதுண்டு. காய்ந்துபோன ரொட்டியையும் எறிய மனம் வராமல், பாலிலும் முட்டையிலும் ஊற வைத்து வெண்ணெயில் வாட்டி, குழந்தைகளுக்குப் பலகாரமாகக் கொடுக்கிறார்கள். தோழன் என்பதற்கு அவர்கள் வழங்கும் சொல்லுக்கே, ரொட்டியைச் சேர்ந்து உண்பவன் என்பதுதான் ஆதிப் பொருள்.

இந்தப் பக்தி பசியின் ஞாபகத்திலிருந்து பிறந்தது. 1789ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி, ரொட்டி கிடைக்காமல் கொதித்தெழுந்த பாரிஸ் நகரத்துப் பெண்கள், மழையில் நனைந்துகொண்டே வெர்சாய் அரண்மனைக்கு நடந்து சென்று, மறுநாள் அரசனையும் அரசியையும் இளவரசனையும் தலைநகருக்கு அழைத்து வந்தபோது, 'ரொட்டிக்காரனையும் அவன் மனைவியையும் பையனையும் கொண்டுவந்துவிட்டோம்' என்று முழங்கினார்கள் என்பது சரித்திரம். ரொட்டி என்பது இந்நாட்டில் அரசாங்கத்தின் காரியமும் ஆகும். 1993ஆம் ஆண்டின் அரசாணைப்படி, 'பிரெஞ்சு மரபு ரொட்டி' என்ற பெயரில் விற்கப்படுவதில் எந்தச் செயற்கைச் சேர்மானமும் இருக்கலாகாது, எந்தக் கட்டத்திலும் அதை உறைய வைக்கலாகாது. 1998ஆம் ஆண்டின் சட்டமோ, மாவைப் பிசைவதும் சுடுவதும் அவ்விடத்திலேயே நடந்தாலொழிய ஒரு கடை தன்னை 'பூலான்ழெரி' என்று அழைத்துக்கொள்ள முடியாது என்று விதித்துவிட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பரில், பாகெத் செய்யும் கைவினையையும் அதைச் சூழ்ந்த வாழ்க்கை முறையையும் மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தபோது, எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு வருத்தமும் உண்டாயிற்று. நாள்தோறும் தன் பசியை ஆற்றும் தானியத்தை இவ்வளவு கௌரவமாகப் பேணும் ஒரு ஜன சமூகத்தின் நடுவே இருந்துகொண்டு, என்னை வளர்த்த தானியத்தை நான் எப்படி நடத்தினேன் என்று எண்ணிப் பார்த்ததே அந்த வருத்தத்துக்குக் காரணம்.

எங்கள் வீட்டில் அரிசிச் சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரியது; மற்ற நாட்களில் ராகிக் களிதான். அம்மா, கொதிக்கும் உலைநீரில் ஒரு கை நொய்யைப் போட்டு வேகவிட்டு, அதன்மேல் ராகி மாவைக் குன்றுபோல் கொட்டி, துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு துளை இடுவாள். அந்தத் துளையின் வழியே கொதிநீர் குமிழியிட்டு மேலேறி மாவை நனைக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பானையை இறக்கி, கவட்டைக் கோலால் அது நகராதபடி அழுத்திக்கொண்டு, உடம்பின் பாரமெல்லாம் துடுப்பில் இறங்கும்படி கிண்டுவாள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து, அவரைக்கொட்டைக் குழம்போ கீரைக் கடைசலோ ஊற்றுவாள். அதை மெல்லக் கூடாது. விள்ளலைக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். அப்படி விழுங்கிவிட்டு ஏர் பிடிக்கப் போன அப்பாவுக்குச் சூரியன் சாயும்வரை வேறு ஆகாரம் தேவைப்படவில்லை.

மழையை நம்பிய எங்கள் செம்மண் காட்டில், நெல் விளையாத இடத்தில் விளைந்து, வருஷக்கணக்கில் பூச்சி அரிக்காமல் கிடந்து, பஞ்ச காலத்தில் உயிர் காத்த தானியம் அது. நூறு கிராம் ராகியில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டென்றும், அரிசியில் அதில் ஒரு சிறு பங்கே உண்டென்றும் பின்னாளில் படித்தேன். ஆனால், பள்ளிக்கூடத்தில் சக மாணவர்கள் வெள்ளைச் சோற்றைப் பிரித்து வைத்த மத்தியான வேளைகளில், என் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அவசர அவசரமாக விழுங்கியவன் நான். ஒரு நாள் அம்மாவிடம், "எனக்கு இனிமேல் களி வேண்டாம்மா" என்றேன். அவள் மறுவார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி தனியாக வெந்தது. அது எந்த வேளையின் எந்தச் செலவைக் குறைத்து வாங்கப்பட்டது என்று நான் கேட்டதேயில்லை.

பாரிஸுக்கு வந்து சில வருஷங்கள் கழிந்த பின்பே களியின்மேல் ஆசை திரும்பிற்று. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், லா ஷப்பேல் வட்டாரத்தில், இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக உள்ள ஃபோபூர் சேன்-தெனி வீதியில், ராகி மாவு உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் சற்று யோசித்து, "குரக்கன் மாவோ கேக்கிறீங்கள் அண்ணை?" என்று ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். என் தானியத்துக்கு இன்னொரு கடற்கரையில் இன்னொரு பெயர் இருப்பதை அன்று அறிந்தேன். ரொட்டிக்கு அவர்கள் வழங்கும் 'பாண்' என்னும் சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அதுவும் பிரெஞ்சுக்காரர் ரொட்டிக்கு வழங்கும் சொல்லும் ஒரே இலத்தீன் மூலத்திலிருந்து கிளைத்தவை.

அந்தச் சமூகத்திலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா என்பவர், 2006ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து பிரான்ஸுக்கு வந்து, இங்கேயே தொழில் கற்று, இருபதாவது வட்டாரத்தில் பிரெனே வீதியில் ரொட்டிக் கடை நடத்துகிறவர். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், பாரிஸின் மிகச் சிறந்த மரபு பாகெத்துக்கான பரிசை அவர் வென்றார். யார் சுட்டது என்று நடுவர்களுக்குத் தெரியாதபடி ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் போட்டி அது; வென்றவருக்கு நாலாயிரம் யூரோவும், ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருஷ காலம் ரொட்டி அனுப்பும் கௌரவமும் உரியன. மறு ஆண்டு, ஒலிம்பிக் தீபத்தை ஏந்திச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் உயிராகக் கருதும் பண்டத்தை அவர்களே மெச்சும்படி ஒரு தமிழர் செய்து காட்டினார் என்ற செய்தியைப் படித்த அன்று, மாவின் பதம் அறிந்த கைக்குத் தேசம் ஒரு தடையன்று என்று எனக்குத் தோன்றிற்று.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். மேற்கே கடலோரத்துப் பிரெத்தாஞ் பிரதேசத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்து, அந்நாளில் அங்கிருந்து வந்த எத்தனையோ ஏழைப் பெண்களைப் போலவே, மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் ஒரு பெட்டியோடு இறங்கி, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் களி கிண்டிக்கொண்டிருந்தபோது ஏதோ காரியமாக வந்தவரை உட்காரச் சொல்லி, உருண்டையின் நடுவே குழி செய்து நெய் விட்டுக் கொடுத்தேன். அவர் கரண்டியைக் கையில் எடுத்தவர், வாயில் வைக்காமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம் பாட்டி கறுப்புக் கோதுமை என்னும் தானியத்து மாவை இப்படித்தான் கிண்டி, நடுவில் குழித்து வெண்ணெயை உருக விடுவாள் என்றும், வீட்டார் எல்லோரும் சுற்றி அமர்ந்து ஒவ்வொரு கரண்டியையும் அந்த வெண்ணெயில் தோய்த்து உண்பார்கள் என்றும், பாரிஸுக்கு வந்த பின் அதை உண்டவள் என்று சொல்லிக்கொள்ளத் தமக்கு வெகு காலம் வெட்கமாக இருந்தது என்றும் சொன்னார். கோதுமை செழிக்காத மண்ணில் ஏழைகளைக் காத்த அந்தத் தானியத்தின் மாவுக்கு, இன்று பிரெத்தாஞ் பெயரோடு சேர்ந்த புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. அதில் சுட்ட அடைகளைத் தேடிப் பாரிஸ்வாசிகள் மோன்பர்னாஸ் வீதிகளில் வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்த அம்மாள், ஊரிலிருந்து வருவித்த ஒரு மரக்கோலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். முழங்கை நீளம், பிடித்துப் பிடித்துத் தேய்ந்து பளபளத்த காம்பு. பிரெத்தாஞ் பிரதேசத்து மொழியில் அதற்குப் 'பாஸ்-யோத்', அதாவது கூழ்க்கோல், என்று பெயராம். எங்கள் வீட்டுத் துடுப்புக்கும் அதற்கும், மரத்தின் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

தருமபுரி மாவட்டத்து நியாயவிலைக் கடைகளில், 2023ஆம் ஆண்டு முதல், இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்திருப்பதை என் தங்கை தொலைபேசியில் சொன்னபோது மகிழ்ந்தேன். ஆனால், சர்க்கார் தானியத்தைத்தான் தர முடியும். அதற்குரிய கௌரவத்தை உண்கிறவர்கள்தாம் தர வேண்டும். பென்னாகரத்து அன்பருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே: உங்கள் வீட்டுக் குழந்தை களியைத் தூக்குச்சட்டியில் எடுத்துச் செல்லுமானால், அது புளியமரத்துக்குப் பின்னால் ஒளிய வேண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு அம்மாள் காலமாகி நான்கு வருஷங்கள் ஆகின்றன. வாரத்தில் ஆறு நாளும் பாகெத் உண்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கொடுத்த கோலால் களி கிண்டுகிறேன். முதல் உருண்டையை வைத்து நடுவில் குழி செய்யும்போதெல்லாம், எனக்காகத் தனியாக வெந்த அந்த ஒரு பிடி அரிசியின் ஞாபகம் வருகிறது.

(தொடரும்)