பாதுகாப்புத் திருகாணியும் வீட்டுக் கருவிகளின் பழுதுநீக்கமும்

பாதுகாப்புத் திருகாணி என்பது, வீடுகளில் வழக்கமாக இருக்கும் திருப்புளிகளால் கழற்ற முடியாதவாறு தலைப்பகுதி வடிவமைக்கப்பட்ட திருகாணி ஆகும். இஸ்திரிப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, காப்பி இயந்திரம், கைப்பேசி எனப் பல கருவிகளின் மூடிகள் இவ்வகைத் திருகாணிகளால் இணைக்கப்படுகின்றன. மற்ற எல்லாத் திருகாணிகளையும் கழற்றிய பிறகு, ரப்பர் காலுக்குள்ளோ ஒட்டுத்தாளுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும் ஒன்று மட்டும் அசைய மறுக்கும்போதுதான் பெரும்பாலோர் இப்படி ஒரு வகை இருப்பதையே அறிகின்றனர்.

இதன் மரையில் புதுமை எதுவும் இல்லை. சாதாரணத் திருகாணியைப் போலவே இடப்புறமாகச் சுற்றினால் கழலும். வேறுபாடு முழுவதும் தலையிலுள்ள குழியின் வடிவத்தில்தான் இருக்கிறது. வலிமையால் அன்று, உரிய கருவி கையில் இல்லாததால்தான் இது பூட்டாகிறது.

வகைகள்

வீட்டுக் கருவிகளில் அதிகம் காணப்படுவது நடுவில் ஊசி உள்ள டார்க்ஸ் வகை. டார்க்ஸ் என்பது ஆறு இதழ் கொண்ட குழி. அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் 1967இல் உருவாக்கியது. அதன் முதல் நோக்கம் யாரையும் தடுப்பது அன்று. தொழிற்சாலையில் விசையுடன் முடுக்கும்போது கூட்டல் குறி வடிவக் குழியிலிருந்து முனை வழுக்கி வெளியேறிவிடும். அதைத் தவிர்ப்பதற்காகவே இவ்வடிவம் வந்தது. பின்னர் குழியின் நடுவே சிறு ஊசி ஒன்றை விட்டுவைத்தபோது அதுவே பாதுகாப்புத் திருகாணி ஆயிற்று. சாதாரண டார்க்ஸ் முனை ஊசியில் முட்டி நின்றுவிடும். நடுவில் துளையுள்ள முனையோ இரண்டு வகைக்கும் பொருந்தும். அளவுகள் டி8, டி10, டி15, டி20 என்று எண்களால் குறிக்கப்படுகின்றன.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்ல வேண்டும். கூட்டல் குறி வடிவத் திருப்புளியை நம் கடைகளில் ‘ஸ்டார்’ என்பர். அதன் முறையான பெயர் பிலிப்ஸ். (அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸின் பெயரால் வந்தது, நெதர்லாந்தின் மின்பொருள் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஆறு இதழ் வடிவத்தையும் சிலர் ஸ்டார் என்றே சொல்வதால், வாங்கும்போது ‘நடுவில் துளையுள்ள டார்க்ஸ்’ என்று கேட்பதே நல்லது.

முக்கோணக் குழி, மூன்று இறக்கை வடிவம், இரண்டு புள்ளித் துளைகள் கொண்ட ‘பாம்புக் கண்’, நீள்வட்டத் தலை ஆகியன பிற வகைகள். பொதுக் கழிப்பறைத் தடுப்புகளில் முடுக்க மட்டுமே முடிகிற ஒருவழித் திருகாணியைக் காணலாம்.

எதற்காக இந்தப் பூட்டு?

உற்பத்தியாளர்கள் கூறும் காரணம் பாதுகாப்பு. மைக்ரோவேவ் அடுப்பைப் பொறுத்தவரை இது முழு உண்மை. அதனுள் இருக்கும் மின்மாற்றி, வீட்டு மின்சாரத்தைச் சுமார் 2,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. மின்தேக்கியும் டையோடும் சேர்ந்து அதைச் சுமார் 4,000 வோல்ட் வரை கொண்டுசெல்கின்றன. செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். அதை வடித்துவிடும் மின்தடை பல மின்தேக்கிகளில் உண்டு என்றாலும், அது பழுதாகியிருந்தால் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. தொட்டால் உயிர் போகலாம். மின்தேக்கியை முறையாக வடிக்கக் கற்காதவர், உரிய திருப்புளி கையில் இருந்தாலும் இந்த மூடியைத் திறக்கக் கூடாது. இண்டக்சன் அடுப்பிலும் கவனம் தேவை. 230 வோல்ட் மாறுமின்சாரம் அதனுள் நேர்மின்சாரமாக மாற்றப்படும்போது அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்.

ஆனால் இந்தக் காரணம் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தாது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் ஒரு மடிக்கணினியின் மின்கலத்தை ஐந்து இதழ்த் திருகாணிகளால் இறுக்கியது. முதலில் பிலிப்ஸ் திருகாணிகளுடன் விற்கப்பட்ட ஐபோன் 4, பிறகு அதே ஐந்து இதழுக்கு மாறியது. உள்ளே இருக்கும் ஆபத்து மாறவில்லை; திறக்கக்கூடியவர்கள் யார் என்பதே மாறியது. தேய்ந்த மின்கலத்தை மாற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் கருவி, திறக்க வழியில்லாததால் குப்பைக்குப் போகிறது.

இதற்கு எதிராகச் சட்டங்களும் வந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி போன்றவற்றின் குறிப்பிட்ட உதிரிபாகங்கள் பொதுவாகக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டே மாற்றத் தக்கவையாக இருக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையத்தளம் தொடங்கப்பட்டது.

கழற்றும் முறை

திறப்பதற்கு முன், திறக்கத்தான் வேண்டுமா என்று பார்ப்பது நல்லது. திடீரென நின்றுபோன மிக்சியின் அடியில் பெரும்பாலும் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பளு மிகுந்ததால் நின்றிருந்தால், சற்று ஆறவிட்டு அதை அழுத்தினாலே ஓடும். உத்தரவாதக் காலம் முடியாத கருவியைத் திறந்தால் உத்தரவாதம் போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

திறப்பதென்று முடிவானால், செருகியைப் பிடுங்கிவிட்டுத் தொடங்க வேண்டும். சரியான முனையை வாங்குவதே எளிய வழி. பலவகை முனைகள் கொண்ட பெட்டி இணையத்திலும் கருவிக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆழக் குழிக்குள் உள்ள திருகாணிக்குக் குட்டை முனை எட்டாது. மெலிந்து நீண்ட தண்டு வேண்டும். குழிக்குள் ஆட்டமின்றி உட்காரும் முனையைத் தேர்ந்து, நேராக அழுத்தி, முதலில் இம்மியளவு முடுக்கிப் பிறகு கழற்றினால் இறுகிய திருகாணியும் இளகும். துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

உரிய முனை இல்லாதவர்கள் டார்க்ஸின் ஊசியைச் சிறு தட்டைத் திருப்புளியும் சுத்தியலும் கொண்டு உடைப்பதுண்டு. ஊசி பக்கவாட்டு அடியில் முறிந்துவிடும். பிறகு சாதாரண டார்க்ஸ் முனை போதும். ஆனால் முறிந்த எஃகுத் துணுக்கு மின்சுற்றுப் பலகையில் விழுந்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். தெறித்தால் கண்ணில் படும். அடியின் அதிர்ச்சியில் பிளாஸ்டிக் உடலும் விரிசல் விடலாம். தலையில் அரத்தால் வெட்டுப் போட்டுத் தட்டைத் திருப்புளியால் கழற்றுவதும் உண்டு. அப்போது இரும்புத் தூள் உள்ளே போகாமல் காக்க வேண்டும். பேனாவின் பிளாஸ்டிக்கை உருக்கிக் குழியில் அழுத்தி அச்செடுக்கும் உத்தி இலேசாக முடுக்கிய திருகாணிக்கு மட்டுமே உதவும். ஒருவழித் திருகாணியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிடிகுறடால் கவ்வித் திருப்பலாம். இல்லையேல் துளையிட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை.

திரும்ப மூடுதல்

பழுதான திருகாணிக்குப் பதிலாகச் சாதாரணத் திருகாணி போடலாம். விட்டமும் மரையும் நீளமும் ஒத்திருக்க வேண்டும். சற்று நீளம் கூடினாலும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைக் குத்திவிடும். மைக்ரோவேவ் அடுப்பில் மட்டும் பாதுகாப்புத் திருகாணியையே மீண்டும் போட வேண்டும். சில திருகாணிகளுடன் பச்சை அல்லது பச்சை-மஞ்சள் நிலக்கம்பி இணைந்திருக்கும். அதைப் பல்லுள்ள வளையத்துடன் முன்போலவே இறுக்காவிட்டால், மின்கசிவு ஏற்படும் நாளில் உலோக உடல் முழுவதும் மின்னேறி நிற்கும். மூடிய பிறகு, மின்சாரம் கொடுக்கும் முன், செருகியின் தடித்த முள்ளுக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும்.